தனியாக முப்பது வாங்க வேண்டும்

என் ஆட்டோவில் டிரைவர் சீட்டுக்கு அடியில் பல வருஷமாக ஒரு பரீட்சை அட்டை கிடந்தது. காக்கி நிற அட்டை, மேலே இரும்புக் கிளிப். ஒரு மூலை மட்டும் பல்லால் கடித்துக் கடித்துப் பஞ்சாகிப் போயிருக்கிறது. கடித்தது நான் இல்லை. அந்த மாதிரி அட்டை தேவைப்படும் வகுப்பு வரைக்கும் நான் போகவில்லை. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறினேன். பக்கத்தில் ஜன்னல் இருந்தது, அது வழியாக இறங்கினேன். இன்னும் திரும்பிப் போகவில்லை. அப்படிப்பட்ட என் கையில் இந்த அட்டை மழைக்குக் குடையாக இருந்திருக்கிறது, வெயிலுக்கு விசிறியாக இருந்திருக்கிறது, டயர் மாற்றும்போது உட்காரும் பலகையாகவும் இருந்திருக்கிறது. ஆனால் கிளிப்பை மட்டும் தொடமாட்டேன். தூக்கி விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இந்த வயதிலும் எனக்கு ஆகாது.

அது என் தாய்மாமன் மகளின் அட்டை. கல்வராயன் மலையின் அடிவாரத்தில் அவர்கள் ஊர். தாய்மாமன் குச்சிக்கிழங்கு, மரவள்ளிதான், போடுகிறவர். அந்த ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் அவள்தான். நான் அப்போது அடிவாரத்திலிருந்து சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு டீசல் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டம் ஆகவில்லை, நானும் ஆள் ஆகவில்லை. தினமும் காலையில் என் வண்டியில்தான் அவள் காலேஜுக்குப் போவாள். முறைப்படி என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே "மாமா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பாள். நான் கண்ணாடியில் பார்த்தது ரோட்டை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நன்றாகப் படிக்கிற பெண். வகுப்பில் வைக்கிற சின்னப் பரீட்சை, எழுதிக் கொடுக்கிற வேலை, வருகை எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்டர்னல் என்று இருபத்தைந்து மார்க் உண்டாம். அதில் அவள் ஒரு மார்க் விட்டதில்லை. கடைசிப் பரீட்சை எழுபத்தைந்துக்கு. அதற்குப் பெயர் எக்ஸ்டர்னல். கணக்குப் பாடம் ஒன்று, காஸ்டிங் என்பார்கள். மூன்றாம் வருஷம் அதில் எக்ஸ்டர்னலில் இருபத்தெட்டு எடுத்தாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இன்டர்நெட் கடையில் ரிசல்ட் பார்த்துவிட்டு வந்து வண்டியில் உட்கார்ந்தாள். "ரெண்டும் சேத்தா அம்பத்து மூணு மாமா. நாப்பது எடுத்தா பாஸு. ஆனா ஃபெயிலு" என்றாள்.

"அம்பத்து மூணு நாப்பதுக்கு ஜாஸ்திதான? எனக்கே தெரியுது, அவனுங்களுக்குத் தெரியலியா?" என்றேன்.

"எக்ஸ்டர்னல்ல தனியா முப்பது வாங்கணும் மாமா. அது இல்லன்னா இன்டர்னல்ல எவ்ளோ வாங்கினாலும் செல்லாது."

எனக்கு அது புரிய ஒரு வழிதான் இருந்தது. பைக் லைசென்சுக்குப் போனபோது நான் ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றியவன். ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டுப் போடும்போது காலைத் தரையில் ஊன்றிவிட்டேன். "போய்ட்டு அடுத்த மாசம் வா" என்றார். "சார், இங்க வந்ததே பைக்ல ஓட்டிக்கினுதான் சார்" என்றேன். அதற்கும் சேர்த்து அபராதம் போடட்டுமா என்று கேட்டார். அதே மாதிரிதான் இதுவும் என்று அவளுக்குச் சொன்னேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்கு அட்டையின் மூலையைக் கடித்துக்கொண்டு குச்சிக்கிழங்குக் காடுகளைப் பார்த்தபடி வந்தாள். "எல்லாம் தெரியும் மாமா. கேள்வித் தாளக் குடுத்ததும் கை ஜில்லுனு ஆயிடுது. தெரிஞ்ச கணக்கே வேற யாரோ போட்ட கணக்கு மாதிரி இருக்குது" என்று இறங்கும்போது சொன்னாள்.

தாய்மாமன் கோபக்காரர் இல்லை. ஆனால் ஒரு சொல் சொன்னால் அதை மாற்றவும் தெரியாதவர். அன்றைக்கு என் அம்மாவும் அங்கே இருந்தாள், நானும் இருந்தேன். "இன்னொரு தபா எழுதட்டும். பாஸானா மேல படிக்கட்டும், வேலைக்குப் போவட்டும், நான் குறுக்க வரமாட்டேன். இல்லன்னா தையிலயே முடிச்சிடலாம். மாப்பிள்ளைக்கு எங்கப் போவணும்? அக்கா புள்ளதான் தெனமும் ஏத்திக்கினு போய் எறக்கிக்கினு கீறான்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் உள்ளே போனாள். உள்ளேயிருந்து 'டக்' என்று கிளிப் சத்தம் கேட்டது.

ஊர் உலகத்தில் பெண் பாஸானால் கல்யாணம் நடக்கும். எனக்கு மட்டும் பெண் ஃபெயிலானால் கல்யாணம். இது கிடைத்த பிறகு என் வாய் சும்மா இருக்குமா? ஸ்டாண்டில் போய்ச் சொல்லிவிட்டேன். சங்கராபுரம் ஸ்டாண்டில் அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாம் என்னைவிடப் படிக்காதவர்கள், என்னைவிட வாய் பெரியவர்கள். மறுநாளிலிருந்து அவள் வண்டியில் இருக்கும்போதே "இன்னா மாப்ள, பத்திரிக்கை அடிச்சிடலாமா?" என்று கேட்பார்கள். "இருடா, இன்னும் ரெண்டு மார்க்கு கம்மியாவணும்" என்று நான் சொல்வேன். பின்னாலிருந்து 'டக்' என்று கிளிப் சத்தம் மட்டும் வரும். அப்போதாவது நான் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். எப்போதும் பார்க்கிறவன் அந்த நேரம் பார்த்து ரோட்டைத்தான் பார்த்தேன்.

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ராத்திரியில் படுத்தால் அவள் மஞ்சள் புடவையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். ஆனால் கூடவே ஒரு பயமும் வரும். அவள் ரேஷன் கார்டைப் படித்துச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று தலையாட்ட, பத்து வருஷம் கழித்து என் மூஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த இருபத்தெட்டு ஞாபகம் வந்தால் என்ன செய்வது? அதனால் இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டேன். அய்யனார் கோயில் வழியாகப் போகும்போது "அவ பாஸாவணும் சாமி" என்பேன். திரும்பி வரும்போது ஒன்றும் சொல்லாமல் கும்பிடுவேன். சாமி இந்த மாதிரி ஆட்களை எத்தனை பார்த்திருக்கும்.

பரீட்சை நாள் வந்தது. சீக்கிரம் போகட்டும் என்று வேறு ஆள் ஏற்றவில்லை. அது நான் செய்த நல்ல காரியம் என்று அப்போது நினைத்தேன். ஹால் டிக்கெட்டை அட்டையின் கிளிப்பில் மாட்டி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் டக், டக், டக். சங்கராபுரம் ஸ்டாண்டில் வண்டியை மெதுவாக்கினேன். அங்கே இருந்த ஒருவன் கையைத் தூக்கிக் கத்தினான்: "டேய், மாப்ள சோலோவா ஏத்திக்கினு போறான்டா! பாத்துக்கினே இருங்க, ஏரிக்கர போனதும் வண்டி பிரேக் டவுன் ஆவும்!"

நான் என்ன சொன்னேன்? "ஆனா நல்லதுதாண்டா" என்றேன். என் வாய்க்கு ஒரு கிளிப் போட்டிருக்க வேண்டும்.

ஏரிக்கரை பாதி வழியில் வருகிறது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கரும்பு, வீடு எதுவும் கிடையாது. அங்கே, அவன் சொன்ன அதே இடத்தில், வண்டி இரண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது.

சத்தியமாக நின்றுவிட்டது. டீசல் வண்டியில் டேங்க் வறண்டு போனால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும், அதற்கப்புறம் டீசலே ஊற்றினாலும் காற்றை வெளியேற்றாமல் எடுக்காது. ஏர் லாக் என்போம். நான் எப்போதும் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊற்றி ஓட்டுகிறவன். கேனில் கொஞ்சம் வைத்திருப்பேன். அன்றைக்கு அவள் வந்து நிற்கிற அவசரத்தில் டேங்கைப் பார்க்கவில்லை. ஸ்டார்ட்டரைப் பிடித்து இழுத்தேன். மறுபடி இழுத்தேன். டக் டக் சத்தம் நின்று போயிருந்தது. அதனால்தான் திரும்பிப் பார்த்தேன்.

அவள் சீட்டின் அந்த ஓரத்தில் கம்பியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பரீட்சைப் பயம் எனக்குத் தெரியும், மூன்று வருஷமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. அவள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள்.

"மாமா, வேணாம் மாமா" என்றாள். "உங்களக் கெஞ்சிக் கேக்குறேன். வண்டிய எடுங்க."

"நெஜமாவே நின்னுடுச்சும்மா. ஏர் லாக்கு."

"வெளையாடாதீங்க மாமா."

ஊரையே சிரிக்க வைத்தவன் ஒரு உண்மையைச் சொன்னால் அதற்கு என்ன சாட்சி? என் முகம் வேறு ஜோக் சொல்லும்போது எப்படி இருக்குமோ அப்படியே அமைந்துவிட்ட முகம். அழுதால்கூடச் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று அம்மா சொல்வாள். நான் கேனை எடுக்கப் பின்னால் போனேன். நான் அவள் பக்கம் வருகிறேன் என்று நினைத்து அவள் அந்தப் பக்கமாக இறங்கி ஓட ஆரம்பித்தாள். தூரத்தில் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பஸ் நின்றது. அப்போதுதான் பார்த்தேன், சீட்டில் அட்டை கிடந்தது. கிளிப்பில் ஹால் டிக்கெட்.

அட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "ஏய், நில்லு! நில்லு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். யோசித்துப் பாருங்கள், பெண்ணைத் துரத்துகிறவன் வேறு என்ன சொல்லிக் கத்துவான்? அவள் இன்னும் வேகமாக ஏறினாள். ஜன்னல் சீட்டில் இருந்த ஒரு அம்மா தலையை வெளியே நீட்டி, "த்தூ, பொம்பளப் புள்ளயத் தொரத்திக்கினு வரியே, நீயெல்லாம் அக்கா தங்கச்சியோட பொறந்தவனா?" என்றாள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது. நான் கையில் அட்டையோடு ஏரிக்கரையில் நின்றேன். என் வாழ்க்கையில் பரீட்சை அட்டையைப் பிடித்து நின்றது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். ஓடி வந்து கேன் டீசலை ஊற்றி, திருகைத் தளர்த்தி, பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றி ஸ்டார்ட்டரை இழுத்தேன். அந்தச் சண்டாள வண்டி ஒரே இழுப்பில் எடுத்தது. கல்யாண வண்டி மாதிரி ஜோராக ஓடியது. இப்போது பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாக அவள் என்ன பார்த்திருப்பாள்? நின்று போனதாகச் சொன்ன வண்டி, ஹாரன் அடித்துக்கொண்டு தன்னைத் துரத்தி வருகிறது. கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது. நான் அட்டையை வெளியே நீட்டி ஆட்டினேன். அந்தத் தலை கீழே போய்விட்டது.

காலேஜ் கேட்டை நான் அடைந்தபோது அவள் வாட்ச்மேனிடம் அழுதுகொண்டிருந்தாள். மணி அடித்துவிட்டது, எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், ஹால் டிக்கெட் இல்லாமல் விடமாட்டேன் என்கிறார் அவர். என் வண்டிச் சத்தம் கேட்டதும் திரும்பினாள். என்னைப் பார்த்ததும், தன்னை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மனுஷனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நான் கிட்டே போகவில்லை. மிரண்ட கன்றுக்குட்டிக்குத் தீவனம் வைக்கிற மாதிரி அட்டையைக் கேட் சுவரின் மேல் வைத்துவிட்டு, பின்பக்கமாக நடந்து வண்டிக்கு வந்தேன். அவள் ஓடி வந்து எடுத்தாள். ஹால் டிக்கெட்டைப் பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஓடிவிட்டாள்.

எதிரே புளியமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். சவாரிக்குப் போகத் தோன்றவில்லை. கேன் மூடியைத் திருகப் பார்த்தேன், கைக்குப் பிடிபடவில்லை. அவளுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த வேலை எதுவும் அந்தக் கைக்கு வராது. வாட்ச்மேன் பீடி பற்ற வைக்க வந்தார்.

"இன்னாய்யா, அண்ணனா நீ?"

"இல்லீங்க."

"பின்ன யாரு?"

"அவ ஃபெயிலானா புருசன். பாஸானா அத்த புள்ள."

அவர் சிரிக்கவில்லை. பீடியை இரண்டு இழுப்பு இழுத்தார். "அப்ப நீ எதுக்குய்யா ஹால் டிக்கெட்ட எடுத்தாந்த?" என்று கேட்டார்.

அந்த மரத்தடியில்தான் எனக்கு ஒன்று புத்தியில் பட்டது. இந்தப் பெண்ணுக்கு ஃபெயில் என்றால் சிவப்பு மை இல்லை. ஃபெயில் என்றால் நான். தாய்மாமன் அந்தச் சொல்லைச் சொன்ன நாளிலிருந்து, அவள் போட்ட ஒவ்வொரு கணக்குக்குப் பின்னாலும் என் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றிருக்கும். நான் அதையே தினமும் ஸ்டாண்டில் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை முடிந்து கூட்டத்தோடு கூட்டமாக வந்தாள். பஸ்ஸுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். நேராக என் வண்டியிடம் வந்தாள். ஆனால் ஏறவில்லை.

"எழுதிட்டேன் மாமா" என்றாள். "கோவத்துல எழுதினேன். கோவத்துல பயம் வரல." ஹால் டிக்கெட்டைக் கிளிப்பிலிருந்து உருவிக்கொண்டாள். "நெஜமாவே வண்டி நின்னுச்சா மாமா?"

"நெஜமா நின்னுச்சும்மா."

"அத்த மேல சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

தலையை ஆட்டினாள். சில்லறை இல்லை என்று சொல்லும்போது பயணிகள் தலையாட்டுவார்களே, அந்த மாதிரி. நம்பவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பிறகு ஏறி உட்கார்ந்தாள். ஏரிக்கரையில் நான் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஊரில் இறங்கும்போது, "இனிமே இது எனக்கு வேணாம்" என்று அட்டையைச் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

பாஸாகிவிட்டாள். தாய்மாமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மேலே படித்தாள், சேலத்தில் ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிறாள், அங்கேயே கல்யாணம் ஆனது. அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தால் எழுந்து நின்று 'வாங்கண்ணே' என்பார். எனக்கும் சின்னசேலத்தில் பெண் எடுத்தார்கள், எந்தப் பரீட்சையும் வைக்காமல். ரிசல்ட் வந்த அன்றைக்கு ஸ்டாண்டில் "இன்னா மாப்ள, ஊத்திக்கிச்சா?" என்று கேட்டார்கள். "எனக்கு இன்டர்னல்ல ஃபுல் மார்க்குடா, எக்ஸ்டர்னல்லதான் போச்சு" என்றேன். சிரித்தார்கள். அது ஜோக் என்று நினைத்துத்தான் நானும் சொன்னேன். வயதாக ஆகத்தான் அது ஜோக் இல்லை என்று தெரிகிறது. மூன்று வருஷம் அவளைப் பத்திரமாக ஏற்றி இறக்கினேன். மழையில் படுதாவைக் கட்டினேன், அவள் வரத் தாமதமானால் பயணிகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒரு தப்பான சொல் அவளிடம் நேராகச் சொன்னதில்லை. அதெல்லாம் இன்டர்னல். ஆள் இல்லாத ஏரிக்கரையில் வண்டி நின்றபோது அவள் என்னை நம்ப வேண்டும் என்பது ஒன்றுதான் எக்ஸ்டர்னல். அதில் தனியாக முப்பது வாங்க வேண்டியிருந்தது. நான் வாங்கவில்லை. அந்த விதி அநியாயம் என்று அன்றைக்கு வண்டியில் கத்தினேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது என் மகள் கள்ளக்குறிச்சியில் காலேஜில் படிக்கிறாள். விதி அதேதான், மாறவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புது அட்டை வாங்க மறந்துவிட்டதாகச் சொல்லி, என் சீட்டுக்கு அடியில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தாள். ஜேசிபி ஓட்டுகிற என் தங்கச்சி மகன், தங்கமான பையன், வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, "இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டப்படுற? ஃபெயிலானா நான் கீறேன்ல!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பாதிச் சோற்றில் எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போனேன். "டேங்க் ரொம்பப் போடு" என்றேன். என்னை இத்தனை வருஷமாகப் பார்க்கிற பையன் ஆச்சரியமாகப் பார்த்தான். "இன்னாண்ணா, மலைக்கா?" என்றான். "காலேஜுக்கு" என்றேன். திரும்பி வந்து தங்கச்சி மகனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பேச்சை இனிமேல் என் வீட்டில் பேசக்கூடாது என்று சொன்னேன். "ஜோக்குதான மாமா, நீங்களே எவ்ளோ ஜோக்கு அடிப்பீங்க" என்றான். அவன் முகம் எப்போதும் சிரிக்கிற மாதிரியே இருந்தது. எனக்கு அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

இன்று காலை பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பின் சீட்டில் அவள், மடியில் அந்த அட்டை, கிளிப்பில் ஹால் டிக்கெட். டக், டக், டக். ஏரிக்கரை வந்தது. தண்ணீர் வற்றிப் போயிருக்கிறது, கரும்பு அப்படியே இருக்கிறது. டேங்க் நிறைய டீசல் இருந்தும் என் கை ஆக்சிலேட்டரில் வேர்த்தது. கண்ணாடியைத் திருப்பி அவளைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"இன்னாப்பா, இன்னிக்கு ஒரு ஜோக்கக்கூடக் காணோம்?" என்றாள் பின்னாலிருந்து.

"மொதல்ல ஏரிக்கரையத் தாண்டிடலாம்மா" என்றேன்.